நாய்க்கு வைக்கிற பேர்

அப்பா,

உங்கள் பச்சைக் கம்பளிச் சட்டையை இன்று துவைக்க எடுத்தேன். விறகுப் புகை. அதற்கு அடியில் ஈர நாயின் வாடை. மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் ஆகிறது. அந்தக் காலையை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை.

உங்கள் கருமாதி முடிந்த மறுநாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான உங்கள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். நாயைக் கொண்டுபோக ராகலையிலிருந்து ஒரு மரக்கறித் தோட்டக்காரர் கயிற்றோடு வந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கண்டியில் என் வாடகை அறையில் நாய்க்கு ஏது இடம்?

"பேரு என்னாங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை. ஐந்து வருடம் உங்களோடு இருந்த நாய். போனிலும், நான் வந்து நிற்கும் நாட்களிலும், நீங்கள் நாய் என்றுதான் சொல்வீர்கள். "நாய் காட்டுப்பன்னிய வெரட்டிக்கிட்டு போயிருச்சி." "நாய்க்கு காலு சொகமில்ல." பெயரைக் கேட்க எனக்கும் தோன்றியதில்லை.

அப்போது பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா தண்ணீர் கொட்டும் பீலியடியிலிருந்து கூப்பிட்டார்.

"பப்பி! ஏய் பப்பி, வா, சோறு வச்சிருக்கேன்!"

"இந்தா வாறேன்க்கா" என்றேன்.

நான் வாசலைத் தாண்டுவதற்குள் நாய் என் காலை உரசிக்கொண்டு ஓடியது. அக்காவின் கையில் நசுங்கிய அலுமினியத் தட்டு. நாயின் தட்டு. அக்கா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெயர் என்னுடையது, அப்பா. பல் முளைக்காத வயதில் நீங்கள் வைத்தது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், விடுதி அறையில், போன் ஸ்பீக்கரில் உங்கள் குரல்: "பப்பி, சாப்புட்டியா?" கூட இருந்த மூன்று பேரும் குரைத்தார்கள். விளையாட்டாகத்தான். நான் வெளியே போய் உங்களிடம் கத்தினேன்.

"இனிமே அப்படி கூப்புடாதீங்க. அது நாய்க்கு வைக்கிற பேரு."

"சரி மகள்" என்றீர்கள். அதன்பின் எப்போதும் மகள்தான். நான் வளர்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டீர்கள் என்று நினைத்தேன்.

"கடுவன் நாய்க்குப் போயி பப்பியான்னு லயமே சிரிச்சிச்சி" என்றார் செல்வி அக்கா. "ஒங்கப்பா அசையலயே. 'எம் மக வேணாம்னுட்டா. நாய்க்கு வைக்கிற பேராம். சரி, நாயாச்சும் வச்சிக்கட்டும். கூப்புட்ட வாயி சும்மா இருக்க மாட்டேங்குது'ன்னாரு. மலையிலேருந்து எறங்குறப்பவே, பப்பி சாப்புட்டியான்னு சத்தம் கேக்கும். மொத நாளு நீதான் வந்துட்டேன்னு நான் ஓடிவந்து பாத்தேன்."

அம்மா போனபிறகு அந்த வீட்டில் கூப்பிட உங்களுக்கு இருந்தது ஒரே பெயர். அதையும் நான் பிடுங்கியிருக்கிறேன். கோபத்தில் நாய்க்கு வைத்தீர்களா? தொலைந்துவிடாமல் இருக்க வைத்தீர்களா? கேட்க ஆளில்லை.

தோட்டக்காரர் கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றார். "குடுக்க முடியாதுங்க" என்றேன். ஏன் என்றார். அக்காவிடமிருந்து நாயின் தட்டை வாங்கிக்கொண்டேன்.

இங்கே கண்டியில் நாயைப் பார்த்து வீட்டுக்காரம்மா முகம் சுளிக்கிறார். வேறு அறை தேட வேண்டும். தேடுவேன்.

வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று, "பப்பி, சாப்புட்டியா?" என்கிறேன். என் வாயில் என் பெயர். முற்றத்தின் எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வருகிறது. ஆனால் என்னிடம் நிற்பதில்லை. என்னைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்க்கிறது.

நானும் திரும்பிப் பார்க்கிறேன்.