காயல் பக்கம் எனக்கு

இல்லை, இது துக்கம் இல்லை. துக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பதினொரு மாதமாக அதுவும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். இது பொறாமை. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படலாமா என்று யாராவது கேட்டால், படலாம். நான் படுகிறேன்.

உன் நீலப் பை என் மேசை மேல் இருக்கிறது. நேற்று லேகா கொண்டுவந்து கொடுத்தாள். ஜிப்பைத் திறந்ததும் காச்செண்ணெய் வாசனை. உன் தலை. அதற்கு அடியில் ஈரம் காயாமல் மூடிவைத்த துணியின் வாசனை. உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்துச் சிறு அறையில் ஒரு ஹேர்பின், ஒரு பஸ் டிக்கெட், எழுத்து அழிந்தது. கையை விட்டு அடித்தையல் வரைக்கும் தடவினேன். விரல் நுனியில் மணல்.

ஜன்னல் வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்த்தேன். கடல் மணல்.

என்னோடு கடலுக்கு வரமாட்டேன் என்று ஐந்து வருடம் சாதித்தவள் நீ.

பல்கலைக்கழக விடுதியில் முதல் வருடம், இரண்டாம் மாடி, சுவரில் பல்லி போகும் அந்த அறை. இரண்டு நாள் எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்று நான்தான் தொடங்கினேன்.

"வர்க்கலைக்குப் போவோம். மேல பாறை, கீழ கடலு."

"கடலா? எனக்க வீட்டு அடுக்களையில நின்னா கடலு கேக்கும். அதப் பாக்க லீவு போட்டு பஸ் ஏறணுமா?"

"பின்ன எங்க?"

"சாஸ்தாங்கோட்டை. அங்க ஒரு காயலு உண்டு. அனக்கமே இருக்காது கேட்டியா. தண்ணி சும்ம கெடக்கும்."

"தண்ணி சும்மா கெடக்கதப் பாக்கணும்னா எங்க ஊருக்கு வாட்டி. வீட்டுக்குப் பின்னால குளந்தான். எருமை குளிக்கதும் சேத்துப் பாக்கலாம்."

"குளமும் காயலும் ஒண்ணா, ஏட்டி?"

"ரெண்டும் தேங்குன தண்ணி."

"நீயாக்கும் தேங்குன தண்ணி."

அனக்கம் என்றால் என்ன என்று கேட்டேன். அசைவு, சத்தம், இரண்டும் சேர்ந்தது என்றாய். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் எளிது. உன் வீடு தேங்காப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம். பிறந்த நாள் முதல் அலை கேட்டு உனக்கு அலுத்திருந்தது. நான் பூதப்பாண்டிப் பக்கத்து மலையடிவாரத்தில், குளக்கரையில் வளர்ந்தவள்; அசையாத தண்ணீரைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். ஒருத்தி ஓய்வு என்று நினைத்தது இன்னொருத்தியின் கொல்லைப்புறம். ஒரே மாவட்டம். ஒன்றரை மணி நேர பஸ் தூரம். அதற்குள் இத்தனை.

ஓணம் விடுமுறைக்குக் கூட்டம் என்றோம். கிறிஸ்துமஸுக்குத் தங்க இடம் கிடைக்காது என்றோம். படிப்பு முடிந்தது, நீ மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை, நான் நாகர்கோவிலில் மொழிபெயர்ப்பு வேலை. அதன் பிறகும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே பேச்சு. "கடலா காயலா" என்று போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். உறுப்பினர்கள் இருவர். நீயும் நானும். அந்த எண்ணிக்கை எனக்குப் பிடித்திருந்தது. போகாமல் இருப்பதும், உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது. போகாத பயணம் முழுக்க நம்முடையது.

பிறகு லேகா.

லேகாவை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். பள்ளியில் பன்னிரண்டு வரைக்கும் உன் பெஞ்சில் இருந்தவள். களியக்காவிளையில் அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். விடுதி வராந்தாவில் நீ அவளோடு போனில் பேசுவாய். பாதி எனக்குப் புரியாது. பாட்டு மாதிரி ஏறி இறங்கும். நீ சிரிக்கும் சிரிப்பு வேறாக இருக்கும், இன்னும் கொஞ்சம் கீழேயிருந்து வருவதுபோல. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் என்னிடம் நல்ல தமிழில், "அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டாயா?" என்பாய்.

அது என் வேலை. நீ ஒரு சொல் சொன்னால் பொருள் கேட்பேன். குறித்துக்கொள்வேன். சில நேரம் திருத்துவேன். வெப்ராளம் என்று நீ சொன்னபோது பதற்றம் என்றேன். அன்பாகத்தான். போகப்போக உன் சொற்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டாய். லேகாவிடம் மட்டும் வெளியே எடுத்தாய். நான் உன் அறையில் இரண்டு வருடம் இருந்தேன். அவள் உன் வாயில் இருந்தாள்.

போன வருடம் ஆடி மாதம், பேருந்தில் போனைத் திறக்கிறேன். குழுவில் சாம்பல் எழுத்தில் ஒரு வரி. நீ லேகாவைச் சேர்த்திருந்தாய்.

நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நீயே கூப்பிட்டாய்.

"ரெண்டு பேருன்னா எப்பவும் சமனாக்கும். மூணாவது ஒரு ஓட்டு வேண்டாமா மக்கா?"

"அவ ஒனக்குத்தான் போடுவா."

"அது அவளுக்க இஷ்டம்."

அவள் போடவில்லை. "எனக்கு ரெண்டும் ஓகே" என்று எழுதி ஒரு பூ வைத்தாள். நான் அதைத் தந்திரம் என்று நினைத்தேன். ஒருத்திக்கு இரண்டும் பிடிக்கும் என்பதை நான் நம்பவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து உன்னிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி. "பொழி கண்டேன். உனக்குப் பிடிக்கும்."

பொழி. வினைச்சொல். வானம் பொழியும், நிலவு பொழியும். பெயராக நான் கேட்டதில்லை. நீ எப்போதும் அவசரத்தில் எழுத்தைத் தவறவிடுவாய். திருத்தினேன். "மொழியா? எந்த இதழ்?" என்று கேட்டேன். நாம் அப்போது பழைய சிற்றிதழ்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நீ சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினாய். பிறகு, "நேரில் சொல்கிறேன்."

அடுத்த வாரம் காய்ச்சல். பதினொரு நாள். மருத்துவமனைக்கு நான் இரண்டு முறை வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல். இரண்டு முறையும் அதில் லேகா. என்னைக் கண்டதும் எழுந்து, "இரு, ஏட்டி" என்று அதை என் பக்கம் நகர்த்தினாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே உன்னைப் பார்த்தேன். அவள் எழுந்த சூடு அந்த ஸ்டூலில் இருக்கும் என்பதற்காக உட்காரவில்லை. இதை வேறு யாருக்கும் எழுத முடியாது. உனக்கு எழுதுகிறேன்.

நேற்று வடசேரி பஸ் நிலையத்துக்கு வந்தாள். உன் பையைத் தன் தோளில் மாட்டியிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவளுக்க அம்ம தந்துது. ஒனக்க கிட்ட குடுக்கச் சொல்லி."

"நீயே வச்சிருக்கலாமே."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மூணு மாசம் வச்சிருந்தேன்." சிரித்தாள். "பின்ன ஒறக்கம் வரல்ல."

பையை வாங்கினேன். அவள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள், ஏதோ கனமான பொருள் இருந்ததுபோல.

"அடுத்த மாசம் அவளுக்க ஆண்டு வருது. ரெண்டு நாள் நாம போவோமா? கடலா காயலா, நீ சொல்லு. எனக்கு ரெண்டும் ஓகே."

அதே வாக்கியம். பூ மட்டும் இல்லை.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். மணல்.

அப்படியானால் நீ அவளோடு கடலுக்குப் போயிருக்கிறாய். எனக்குத் தராத கடலை அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். கோயில் யானை மாதிரி ஒரே இடத்தில் நின்று இதையே மென்றுகொண்டிருந்தேன். இன்று காலை பல் தேய்க்கும் முன்பு லேகாவைக் கூப்பிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போனியளா?"

ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. கடை திறந்துகொண்டிருந்தாள்.

"கடலுக்கா? இல்லியே."

"பையில மணல் கெடக்கு, லேகா."

"ஓ. அது பொழிக்குப் போனது."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எது?"

"பொழி. ஆறு வந்து காயலாட்டு கெட்டிக் கெடக்குமில்லியா? அதுக்கும் கடலுக்கும் எடையில ஒரு மணல் திட்டு. மழையில வெள்ளம் ஏறினா திட்டு திறந்துரும். அந்த எடமாக்கும் பொழி. ஒனக்கு அறியாதா? புஸ்தகம் எல்லாம் படிச்சிருக்க."

"எங்க இருக்கு?"

"எங்க கடையில இருந்து ஒரு பஸ். எல்லை தாண்டுனா பூவாறு. அவ கடைக்கு வந்து என்னயப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் திட்டுல இருந்தோம். இந்தப் பக்கம் பாத்தா அனக்கமில்லாத தண்ணி. அந்தப் பக்கம் திரும்பினா அலை. ஒன்னயப் பத்தி அவ சொன்னா, இனி அவளுக்கும் எனக்கும் சண்டை இல்ல, ரெண்டு பேரும் முதுகோட முதுகு சாஞ்சு இருப்போம், அவ கடலைப் பாக்கட்டு, நான் காயலைப் பாப்பேன்னு. ஒனக்காட்டுதான் பாக்கப் போனா. என்னய வச்சு ஒத்திகை பாத்தா."

"நீ எந்தப் பக்கம் பாத்து இருந்தே?"

"கடலு. ஒனக்க எடத்துல."

அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? எனக்கு ஒன்னயக் கண்டா ஆவாது. எங்க போனாலும், எதத் தின்னாலும், அவளுக்கு இது இஷ்டப்படுமா, அவளுக்கு இது இஷ்டப்படுமான்னு ஒன் பேச்சாக்கும். ஒன்ட்ட பேசும்போ மட்டும் அச்சடிச்ச மாதிரி ஒரு தமிழு. நான் பக்கத்துல இருந்து கேட்டா எரிச்சலா வரும். எனக்கு அந்தத் தமிழு ஒரு நாளும் தந்ததில்ல அவ."

வாடிக்கையாளர் யாரோ வந்தார். "சேச்சி, ஒரு நிமிஷம்" என்றாள், அவரிடமா என்னிடமா தெரியவில்லை. போன் அணைந்தது.

இதைக் கேட்டு நான் தெளிந்துவிட்டேன் என்று நீ நினைக்கலாம். இல்லை. எனக்காகத்தான் போனாய் என்பது ஒரு நிமிடம் நெஞ்சில் நின்றது. அடுத்த நிமிடம், எனக்காகக் கண்டுபிடித்த இடத்தை அவள் முதலில் பார்த்துவிட்டாள் என்று தோன்றியது. என் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் முதுகில்தான் உன் முதுகு சாய்ந்திருந்தது. முதுகுச் சூடு அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு செய்தி. அதையும் நான் எழுத்துப்பிழை என்று திருத்தி அனுப்பினேன். நீ அந்த ஒரு சொல்லை உள்ளேயிருந்து எடுத்து நீட்டினாய். வெகுநாளைக்குப் பிறகு. நான் சிவப்புக் கோடு போட்டேன்.

அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். அனக்கம் இருந்தது. அதற்குக் கீழே பொழி என்று எழுதினேன். பெயர்ச்சொல். பொருள் எழுத இடம் விட்டிருக்கிறேன்; பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

உன்னிடமிருந்து இனி எனக்கு வரக்கூடியது இந்த ஒரு சொல்தான். இதையாவது பங்கு போடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், வழி தெரிந்தவள் லேகா. எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தத் திட்டு, எல்லாம் அவளிடம் இருக்கிறது. அவள் இல்லாமல் என்னால் அங்கே போக முடியாது. நீ வேண்டுமென்றே இப்படி வைத்துவிட்டுப் போனாயோ என்றுகூட நினைத்தேன். அவ்வளவு திட்டம் போடுகிறவள் இல்லை நீ.

குழு இன்னும் இருக்கிறது. உறுப்பினர்கள் மூவர் என்றுதான் காட்டுகிறது. பதினொன்றரை மணிக்கு அதில் எழுதினேன்.

"பொழி."

லேகா: "எந்த சனிக்கிழமை?"

"ஆண்டுக்கு முந்தின சனி. எட்டு மணிக்குக் களியக்காவிளையில் இருப்பேன்."

லேகா: "சரி. எனக்கு காயல் பக்கம் போதும். நீ கடல் பாத்து இருந்துக்கோ. ஒனக்க எடம் அது."

ஐந்து வருடம் நான் கேட்ட கடல். யாரும் சண்டை போடாமல், கையில் கொடுக்கிறாள். நீ உட்கார்ந்த பக்கத்தில் அவள் உட்காருவாள்.

எழுதினேன்: "வேண்டாம். காயல் பக்கம் எனக்கு."

வெகுநேரம் 'எழுதுகிறார்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சொல் வந்தது.

"கள்ளி."

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீலப் பையைத் தட்டவில்லை, துவைக்கவில்லை. மணலுக்கு மேலேயே இரண்டு நாளைக்கான துணியை அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடினேன்.