பதில் இல்லை என்று எழுதிய டீச்சர்

3 செப்டம்பர்

என் கப்பல்காரருக்கு,

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற கொஞ்ச நேரப் போன் சிட்டுவுக்கே சரியாகிவிடுகிறது, கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போதுதான் இந்த மெயிலைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதற்குள் என் கோபம் ஆறிவிடும், அதனால்தான் சூடு குறைவதற்குள் எழுதிவைக்கிறேன்.

இன்றைக்குச் சிட்டுவின் பள்ளியில் பேச்சு டீச்சர் அவளுக்குப் பரிட்சை வைத்தார். மூன்றரை வயதுக்குப் பரிட்சை. என்னைப் பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டினார். கரண்டிப் படத்துக்கு நம்மவள் "கரண்டி" என்றாள். பூனைக்கு "பூனை". நிலாவைக் காட்டியபோது "நிலா தூங்குது" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் அவர் தாளை எட்டிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நேராக ஒரு கோடு. கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"பதில் இல்லைன்னு அர்த்தம்."

"பதில் சொன்னாளே. நீங்களும்தான் கேட்டீங்க."

"தமிழ்ல சொன்னது இதுல சேராதுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேச வேண்டுமாம். பெற்றோர் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் இதே வகுப்பில் வைத்துப் பார்ப்பார்களாம். இல்லையென்றால் பேச்சு வராத பிள்ளைகளின் தனி வகுப்பு.

எதைப் படித்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தார். நான் விலங்கியல் படித்தவள். யாரை வைத்து ஆய்வு செய்தார்கள் என்று பார்க்காமல் முடிவை நம்பாதே என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். சிட்டு மாதிரி ஒருத்தி கூட இல்லை.

சரி, தமிழ்க் குழந்தைகள் எந்த வயதில் என்ன பேசும் என்று தமிழில் யாராவது எழுதாமலா இருப்பார்கள் என்று நேராக நூலகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தே வராது. போனில் தட்டி, எனக்கு நானே மெயில் அனுப்பி, அதை எடுத்து ஒட்டினேன். 'முடிவுகள் இல்லை.' 'தமிழ்' என்று இங்கிலீஷில் தட்டினால் வரிசையாக வருகிறது, எல்லாம் நம்மைப் பற்றி இங்கிலீஷில் எழுதியவை. நம்மைப் பற்றி ஊரெல்லாம் எழுதியது இருக்கிறது, நாம் எழுதியது ஒன்றும் இல்லையா? நூலகர் அம்மாவிடம் கேட்டேன். இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னால் இல்லைதான் என்றார்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயமாகவும் இருக்கிறது. ஒருவேளை நான்தான் பேசிப் பேசிப் பிள்ளையைக் குழப்பிவிட்டேனோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள்
வாயாடி


10 செப்டம்பர்

வாயாடிக்கு,

துறைமுகத்தில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ரூமிலிருந்து மேலே வந்ததும் உன் மெயில்தான் படித்தேன். நூலகத்தோடேயே சண்டைக்குப் போன ஒரே பொம்பளை நீயாகத்தான் இருப்பாய். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

டீச்சர் சொல்வதைக் கேட்டால் என்ன? அவர்களுக்கு இதுதான் வேலை. நமக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவர்கள் நூறு பிள்ளை பார்த்தவர்கள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. ஆறாம் வகுப்பில் என்னைத் திடீரென்று இங்கிலீஷ் மீடியத்தில் தூக்கிப் போட்டார்கள். வகுப்பில் தமிழ் பேசினால் நிற்க வைப்பார்கள். வெளியே போகணும் என்று கேட்கக்கூடத் தெரியாமல் ஒருநாள் கால்சட்டையை நனைத்துக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். இன்றைக்கும் கேப்டன் எதிரில் பேசும்போது முதல் வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டுத்தான் வருகிறது.

சிட்டுவை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இனிமேல் நெட் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை போனில் நானும் அவளோடு இங்கிலீஷில்தான் பேசப்போகிறேன். நீ குறுக்கே வராதே.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

உன்
கப்பல்காரன்


19 செப்டம்பர்

என் கப்பல்காரருக்கு,

கால்சட்டை விஷயத்தைப் படித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள். அந்தப் பள்ளி இப்போதும் இருக்கிறதா? இருந்தால் எப்போதாவது என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு அங்கே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் டீச்சர் சொல்வதைக் கேள் என்று எழுதினீர்களே, அதை என்னால் முடியவில்லை. மூன்று நாள் முயன்றும் பார்த்தேன். சிட்டுவிடம் தமிழ் பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆபீசுக்கும் பாங்குக்கும் போதும், விழுந்து அழுகிற பிள்ளையை மடியில் போட்டுத் தேற்றப் போதவில்லை. "பரவாயில்லை" என்பதை இங்கிலீஷில் சொன்னேன், பரவாயில்லை என்று சொன்ன மாதிரியே இல்லை. அவளும் என் வாயையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் "என் கண்ணே, என் செல்லமே" என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

மறுபடி நூலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு முடிவோடு போனேன். திரையின் இடது ஓரத்தில் ஒரு நீளப் பட்டி இருக்கிறது பாருங்கள், எந்த வருஷம், புத்தகமா, கட்டுரையா என்று. யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அடியில் 'மொழி' என்று ஒன்று மடங்கிக் கிடந்தது. விரித்தால் இங்கிலீஷுக்கு ஏற்கெனவே டிக் போட்டிருக்கிறது. நான் போடவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த டிக் முன்னாலேயே அங்கே இருக்கும். மற்ற மொழிகளெல்லாம் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால். அதையும் அழுத்தி, கீழே கீழே போய், தமிழைக் கண்டுபிடித்து டிக் போட்டு, இங்கிலீஷின் டிக்கை எடுத்தேன். அதே வார்த்தைகளை மறுபடி ஒட்டினேன்.

வந்தது. திரை நிறைய வந்தது. குழந்தை வளர்ப்பு, பேச்சு, படக்கதைகள், பல்கலைக்கழக ஆய்விதழ்கள். எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் எரிந்தது. நூலகர் அம்மாவைக் கையோடு கூப்பிட்டு வந்து காட்டினேன். அவருக்கே தெரியவில்லை, பாவம். மேலே கேட்டுவிட்டு வந்து, வாசகர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம் என்றார்.

"எந்த வாசகருக்குங்க?" என்றேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து கூடமாட உதவினார். புத்தகங்கள் வேறு ஊர்க் கிளையில் இருக்கின்றன, கேட்டு எழுதிவைத்தால் இங்கே வரவழைத்துத் தருவார்களாம். கட்டுரைகளை நூலக அட்டை எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே படிக்கலாமாம். இத்தனை நாளாக அந்த அட்டை என் பையில்தான் கிடந்தது.

நமக்கு வேண்டிய கட்டுரை கிடைத்துவிட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் வேறு மொழியும் கேட்கிற பிள்ளைகளைப் பற்றியது. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பேச்சு வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிப் பிள்ளையைத்தான் பார்க்கிறோம் என்கிறார்கள். வீட்டு மொழியை நிறுத்துவதால் மற்ற மொழி வேகமாக வந்துவிடுவதில்லை என்றும் இருக்கிறது. இதோடு அனுப்பியிருக்கிறேன். இன்ஜின் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள்.

அடுத்த வாரம் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டுரையோடு போகிறேன்.

உங்கள்
வாயாடி


26 செப்டம்பர்

பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன்.

கட்டுரையின் முக்கியமான பக்கங்களை நானே இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தலைமை டீச்சர் பொறுமையாகத்தான் கேட்டார். பேச்சு டீச்சர்கூட இரண்டு மொழியையும் சேர்த்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். அப்போது தலைமை டீச்சர், "ஆனா அப்பா ஏற்கெனவே சரின்னு சொல்லிட்டாரே" என்றார்.

எந்த அப்பா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். வேறு யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

துறைமுகத்தில் நின்ற அன்றைக்கே நீங்களே போன் போட்டுச் சொன்னீர்களாம். அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிற ஆள், நான் பேசிப் புரியவைக்கிறேன் என்றும் சொன்னீர்களாம்.

அதற்குமேல் அங்கே நான் என்ன பேசினாலும் அது உணர்ச்சிவசப்படுகிற அம்மா பேசியதுதானே. கட்டுரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு எழுதினீர்கள், கால்சட்டையைப் பற்றிக்கூட எழுதினீர்கள். இதை மட்டும் எழுதவில்லை.


1 அக்டோபர்

வாயாடிக்கு,

ஆமாம், சொன்னேன். உன்னிடம் சொல்லாதது தப்பு. உணர்ச்சிவசப்படுகிற ஆள் என்று சொன்னது பெரிய தப்பு. அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்றே தெரியவில்லை. இங்கிலீஷில் முதல் வார்த்தை வந்துவிட்டால் பிறகு வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது.

கட்டுரையைப் படித்தேன். நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் தப்பாகப் போனால் என்னை மாதிரி வகுப்பு பெஞ்சில் ஊமையாக உட்காரப் போவது நீயும் இல்லை, கட்டுரை எழுதியவரும் இல்லை. சிட்டுதான். அதை நினைத்துத்தான் சரி என்று சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஏன் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை? போன் இருட்டாகிவிட்டது. என்ன நடந்தது என்று எழுது.

கப்பல்காரன்


6 அக்டோபர்

என் கப்பல்காரருக்கு,

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

உங்கள் முகம் திரையில் வந்ததும் சிட்டு ஓடிவந்தாள். நீங்கள் இங்கிலீஷில் ஆரம்பித்தீர்கள். அவள் சிரித்தபடியே காத்திருந்தாள். நீங்கள் இன்னொரு கேள்வி கேட்டீர்கள். அவள் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், ஏதோ கழன்று போய்விட்ட மாதிரி. பிறகு அதைத் தலையணையில் வைத்து, தன் போர்வையை இழுத்து மூடி, மேலே தட்டிக்கொடுத்தாள். இருட்டானது அதனால்தான். நான் எடுக்கப் போனதும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"அப்பா தூங்குறாங்க. அப்புறமா எழுந்து பேசுவாங்க."

பேச்சு வராத பிள்ளை சொன்னது அது. தூங்குவது, எழுவது, பிறகு பேசுவது, எல்லாம் இருக்கிறது அதில். பேச்சு டீச்சர் அங்கே இருந்திருந்தால் அதற்கும் ஒரு கோடு போட்டிருப்பார்.

உங்கள்மேல் கோபம் போகவில்லை. போகவும் வேண்டியதில்லை, கொஞ்ச நாள் இருக்கட்டும். ஆனால் பெஞ்சில் உட்காரப் போவது சிட்டுதான் என்று எழுதினீர்களே, அதை வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தேன். உங்களை ஊமைக்கோட்டானாக்கியது உங்கள் தமிழா? நீங்கள் பேசுவது இங்கே சேராது என்று முடிவு கட்டிய அந்த வகுப்பா? இந்த டீச்சர் சிரித்துக்கொண்டே செய்ததும் அதே காரியம்தான். உங்களுக்கு யாரும் துணைக்கு வரவில்லை. இவளுக்கு வர இரண்டு பேர் இருக்கிறோம். அதில் ஒருவர் அவர்கள் பக்கம் போய் நின்றால் எப்படிங்க?

நூலகத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டார்கள், தெரியுமா? குழந்தைகள் பிரிவில் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான், மற்றதெல்லாம் பழையபடிதான். அதற்கே நான் மூன்று தடவை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றதற்கும் எழுதிக் கொடுப்பேன், விடமாட்டேன். வேறு கிளையிலிருந்து வரவழைத்த படக்கதைப் புத்தகமும் வந்துவிட்டது. ஒரு குட்டி யானை குடையைத் தேடிக்கொண்டு போகிற கதை. என் குரல் யானைக்குச் சரிப்படவில்லையாம், சிட்டு பக்கத்தை மூடிவிடுகிறாள். பக்கங்களைப் படமெடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு மொழியையும் சேர்த்துப் பார்க்கும் பரிட்சையை வைக்கப் பள்ளியில் தயார்தான். ஆனால் நீங்கள் சொன்ன சரியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அம்மா சொன்னால் போதாது என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சொல்லவில்லையென்றால், நான் சம்மதிக்காததால் தனி வகுப்புதான். தலைமை டீச்சருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். எழுதும்போது வாய் முன்னால் ஓடாது, கைதானே.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனைத் தலையணையில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். எழுப்புவது உங்கள் பொறுப்பு.

பள்ளிக்கு எழுதிவிட்டீர்களா, இல்லையா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
வாயாடி