ரிப்பன் ஒட்டிய மூடி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை. மனசு எப்படி என்பதைப் படித்துவிட்டு நீயே தெரிந்துகொள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, என்னைத் துரத்தித் துரத்தித் திட்டும் அளவுக்கு நடக்கிறாள். திட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாக நான் ஓரிடத்தில் உட்காருவதில்லை. மாடியில், பழைய தந்தி இசைக்கருவிகளுக்கு உலோகப் பாகம் செய்கிற உன் அக்காவின் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டால் எழுந்து போகிறேன், சத்தம் நின்றால் அதைவிட வேகமாக எழுந்து போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாண்டலினில் தந்திகளை மாட்டும் தகடும் அதன் மூடியும் உடைந்துபோய், அதேபோல் செய்து தரச் சொல்லி இசைக்கருவிக் கடைக்காரர் மூலமாக அக்காவிடம் அனுப்பினாயே, யாருடையது என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்றாயே, அதைத்தான் சொல்கிறேன். என் வகுப்பில் ஒருவன் விடைத்தாளில் பெயர் எழுதாமல் கொடுத்துவிட்டு, மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். தாள் முழுக்க அவன் கையெழுத்து! நீ செய்ததும் அதுதான். மூடியைத் திருப்பிப் பார்த்தாயா? வாசிக்கும்போது கடகடக்கிறது என்று அக்கா பள்ளிக்கூட நாளில் தன் நீல ரிப்பனை வெட்டி உள்பக்கம் ஒட்டினாளே, அது அப்படியே இருந்தது.

அதைக் கண்டதும் அவள் கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்த ஆர்டர் வேண்டாம், எடுத்துட்டுப் போங்க என்றாள். அவர், இங்கேயே இருக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கறேன் என்று நழுவிவிட்டார். சாப்பிடும்போதுதான் கொட்டினாள். ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போனான், இப்ப ஓட்டை உடைசல் மட்டும் எனக்கா என்றாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

ஆனால் மறுநாள் காலையில் பட்டறையில் ரம்பம் ஓடியது. பித்தளைத் தகட்டை அறுத்து, மர அச்சில் வைத்துத் தட்டி வளைத்து, செதுக்கும்போது ஆடாமலிருக்க அரக்கில் பதித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் சின்ன உளியுமாகக் குனிந்தவள்தான். நான் எட்டிப் பார்த்தால் துணியைப் போட்டு மூடுவாள். ஒருமுறை மட்டும் அவளாகக் கூப்பிட்டுப் பழைய மூடியைக் காட்டினாள். அதில் செதுக்கிய கொடி ஒரு பக்கம் இலையே தெரியாமல் தேய்ந்திருந்தது. பாருங்கப்பா, இன்னும் மணிக்கட்டை இது மேலேயே போட்டு வாசிக்கிறான், ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், எருமை என்றாள். எருமை என்று அவள் வாயால் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தேய்ந்துபோன இலைகளையெல்லாம் அவளே யோசித்துச் செதுக்கியிருக்கிறாள். புது மூடியில் கொடி எங்கும் தடுமாறவில்லை.

நேற்று வேலை முடிந்தது. முடிந்தபிறகுதான் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. கடைக்காரர் வாங்க வந்தபோது, திருகாணித் துளை இன்னும் போடவில்லை, கருவியை மேசையில் வைத்துப் பார்த்தால்தான் போட முடியும், பார்சலில் வந்தால் வாங்க மாட்டேன், வாசிக்கிறவரே கையில் கொண்டு வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் கீழே வந்து என்னிடம் சிரிக்கிறார், என்ன சார் இது, பழைய தகட்டுல மூணு துளையும் இருக்கே, அதை மேல வெச்சுக் குறிச்சாப் போதாதா என்று. போதும் என்பது எனக்கும் தெரியும். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

லீவு கேள். வந்த இடத்தில் துளையைப் பற்றி விவாதம் பண்ணாதே, உன் வாய் எனக்குத் தெரியும். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து இரு. அம்மாவும் அதையேதான் சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறக்காதே. போனபோதுதான் சொல்லாமல் போனாய். வரும் தேதியை எங்களுக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளைக் கூப்பிட்டு நீயே சொல்.

வாசலுக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருக்கும்,
உன் அப்பா