ராஜினாமாவுக்கு ஏழு கட்டம்

ஜவ்வாது மலை,
ஜனவரி 6.

தம்மாமில் இருக்கும் அன்புள்ள கணவர் வக்கார் அவர்களுக்கு உங்கள் உஸ்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உடம்பு சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். கோபம் வேறு, துஆ வேறு.

உங்கள் நண்பர் பாஷா வாணியம்பாடியில் தட்டச்சு செய்து அனுப்பிய தாள் சனிக்கிழமை தபாலில் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். இதைப் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் புகுந்து பேசுவீர்கள், இல்லை என்றால் இந்த மலையில் சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு நடுவில் யாரும் புகுந்து பேச முடியாது. உருதுவில் எழுதியிருக்கலாம். வேண்டுமென்றே தான் தமிழில் எழுதுகிறேன்.

போன மாதம் போனில் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? குடும்ப விசா கிடைத்துவிட்டது, அதற்கு ஒரு ராஜினாமா வேண்டும், தாள் வரும், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்துவிடு, படித்துக் கஷ்டப்பட வேண்டாம் என்றீர்கள். நாம் உருதுவில் பேசிக்கொண்டிருந்தோம். நம் உருதுவில் ராஜினாமா என்றால் இரண்டு பக்கமும் சம்மதித்து எழுதும் தாள். உங்கள் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சுவர்த் தகராறு தீர்ந்தபோது எழுதிக்கொண்டார்களே, அது. மனைவி வெளிநாடு வரச் சம்மதிக்கிறாள் என்று ஏதோ எழுதித் தர வேண்டும் போல என்று நினைத்துச் சரி என்றேன். லீவு போட்டு ஒரு மாதம் உங்களோடு இருந்துவிட்டு வரலாம் என்று பெட்டிக்கு உறை கூடத் தைத்து வைத்தேன்.

இனி குறுக்கெழுத்துக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள். அது இல்லை என்றால் இந்தக் கடிதமே இல்லை.

உருதுப் பள்ளியில் படித்தவள் என்பதால், வேலையில் சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் நான் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலை இல்லை. ஒரு முறை தோற்றேன். அப்போது எனக்குத் தமிழ் பேச வரும், எழுதத்தான் வராது. பேசுவதும் இங்கே சுகாதார நிலையத்தில் நோயாளிகளிடம் பழகிய பேச்சு. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுத வேண்டிய இடத்தில் வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன் என்று எழுதி வைத்தேன். நீங்கள் அதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தீர்கள். பிறகு இதெல்லாம் உனக்கு ஒத்துவராது உஸ்மா என்றீர்கள். சிரித்ததை மன்னித்துவிட்டேன். இரண்டாவதை மன்னிக்கவில்லை.

எங்கள் மருந்தாளுநர் தனசேகரன் சார் தான் பேப்பரில் தினமும் வரும் குறுக்கெழுத்தைப் போடச் சொன்னார். கட்டத்தில் வூடு உட்காராதும்மா, வீடு தான் உட்காரும் என்றார். போளூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் பேப்பர் வரும். ஊசி, மாத்திரை எல்லாம் முடிந்து கூட்டம் குறைந்ததும் எடுப்போம். துப்புரவு வேலை செய்யும் அம்மாக்கண்ணு அக்காவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் நான் குறிப்பைப் படித்து முடிக்கும் முன்பே சொல்லை யோசித்துவிடுவார். தனசேகரன் சாருக்கு எந்த ன, எந்த ண என்பதெல்லாம் விரல் நுனியில். பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிகளும் சேர்ந்துகொள்வார்கள். யாரும் முழு விடையைச் சொல்லக் கூடாது, ஒரு எழுத்து மட்டும் தரலாம். இது நான் போட்ட சட்டம்.

முதல் வாரம் உங்களிடமும் ஒரு எழுத்து கேட்டேன். நீங்கள் நெட்டில் அதே பேப்பரைப் பார்த்து, மொத்தக் கட்டத்தையும் நிரப்பி போட்டோ அனுப்பினீர்கள். நேரம் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு மிச்சம்? அதற்கப்புறம் உங்களிடம் கேட்கவில்லை. ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, இடமிருந்து வலம் ஒரு குறிப்பு: ராஜினாமா, ஏழு எழுத்து. எனக்கு ஒரே குஷி. இது எங்கள் சொல், இதில் யாரும் எனக்கு உதவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேனாவிலேயே உடன்படிக்கை என்று எழுதினேன். எண்ணிப் பாருங்கள், ஏழு எழுத்து சரியாக வரும். ஆனால் அதன் முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல் வரவில்லை. தோலில் முள், உள்ளே சுளை, இரண்டு எழுத்து. உ-வில் தொடங்கும் பழத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன். இன்னா நர்சம்மா, மலை பூரா பலா மரத்த வெச்சிக்கினு பழம் தேட்றீங்க என்று அம்மாக்கண்ணு அக்கா சட்டத்தை மீறிக் கத்திவிட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்படியானால் முதல் எழுத்து உ இல்லை, ப.

எப்படி ப வரும், ராஜினாமா என்றால் சம்மதப் பத்திரம் தானே என்று நான் சண்டைக்குப் போனேன். எட்டு மாதக் கர்ப்பிணி செல்லி தான் பதில் சொன்னாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். வேலையே வாணாம்னு எழுதிக் குடுக்குறதுங்க, எங்க ஊர் வாத்தியார் எழுதிக் குடுத்துட்டுப் போனாரே என்றாள். தனசேகரன் சார் ஒவ்வொரு எழுத்தாகக் கொடுத்தார். ப, ணி, த், து, ற, ப், பு. பணித்துறப்பு. தமிழ்நாட்டில் ராஜினாமா என்றால் அதுதானாம். எல்லோரும் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நீங்கள் போனில் சொன்ன ராஜினாமாவை நினைத்தேன். இருக்காது, அவர் நம் மொழியில் தானே சொன்னார் என்று பதினொரு நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை உறையைப் பிரித்தேன். மேலே கொட்டை எழுத்தில் அதே ஏழெழுத்துச் சொல். போனில் இஸ்தீஃபா என்று நம் உருதுச் சொல்லைச் சொன்னால் எனக்குப் புரிந்துவிடும் என்று ராஜினாமா என்றீர்கள், தாளில் படித்தாலும் புரியக் கூடாது என்று தூய தமிழில் எழுதச் சொன்னீர்களா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்? கீழே, தமிழ் மொழி அறியாமையால் என் பணியைத் தொடர இயலவில்லை என்று என் பெயரில் ஒரு வரி. அதை நானே, தட்டுத்தடுமாறி, தமிழில் படித்தேன். மூன்று முறை படித்தேன். கடைசி முறை சத்தமாகப் படித்தேன்.

இன்னொன்றும் கேளுங்கள். பாஷா பணிக்குச் சின்ன ன போட்டிருக்கிறார். பனித்துறப்பு. மார்கழியில் இந்த மலையில் பனியைத் துறப்பது யாராலும் ஆகாது என்று அவரிடம் சொல்லுங்கள். சிவப்பு மையில் திருத்தி இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தமிழ் அறியாதவள் திருத்தியது.

அடுத்த மாதம் எட்டாம் தேதி தேர்வு. இதுதான் கடைசி முறை. தோற்றாலும் தோற்பேன். அவர்கள் என்னை அனுப்பட்டும். எனக்குத் தெரியாது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போக மாட்டேன். தேறிவிட்டால் லீவு போட்டுக் கட்டாயம் வருவேன். உங்களோடு இருந்துவிட்டு, திரும்பி இந்த மலைக்குத்தான் வருவேன். செல்லிக்கு இந்த மாதக் கடைசியில் நாள் குறித்திருக்கிறது, நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு தான் பெறுவேன் என்கிறாள். அவள் கேட்டாள், நான் சரி என்றேன். கேட்பது அவ்வளவு சுலபம்.

நீங்கள் ஏன் கேட்கவில்லை? மூன்று வருடமாக அந்த அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, நோன்பைக் கூடத் தனியாகத் திறக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? முடியவில்லை உஸ்மா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அப்போதும் முடியாது என்று தான் சொல்லியிருப்பேன். ஆனால் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். இப்போது கண்ணில் தண்ணீரே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்துக்காக இரண்டு சொல்லுக்கு மட்டும் எழுத்து கேட்டேன், எதற்கு என்று சொல்லவில்லை. உங்கள் மானம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வெயிலில் அலையாதீர்கள். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அல்லாஹ் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். பதில் போடுங்கள். உருதுவில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் சரி, நான் அதைப் படிப்பேன் என்று நினைத்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
உஸ்மா, செவிலியர்.