வார்னிஷ் காயாத கூடத்தில் ஒரு நெருப்புக்குச்சி

அத்தான்,

சிட்னி பரமட்டாவில் நான் இருக்கிற மாடிக்குக் கீழ்வீட்டுக்காரர் நேற்றுத் தரைக்கு வார்னிஷ் அடித்தார். மணம் படியேறி வந்தது. ஓடிப்போய் குசினியில் எரிந்துகொண்டிருந்த காஸ் அடுப்பை நிற்பாட்டினேன். பிறகு கீழே இறங்கி, முன்பின் பேசியிராத மனிதரிடம் ஜன்னலைத் திற என்று கத்தினேன். அவருடைய ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலே வந்த பிறகும் அடுப்பைத் திரும்பப் பற்றவைக்கவில்லை.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. போன குளிர்காலம், ஆஸ்பத்திரியில் வேலை முடித்துத் திரும்பும்போது, ஐஸ் படிந்த வளைவில் உங்கள் கார் வழுக்கியது. ரோட்டில் ஐஸ் இருந்தால் டயர் ஏன் பிடிக்காது என்று நான் கணக்குப் போட்டே காட்டுவேன். செத்தவீட்டுக்குக் கன்பராவிலிருந்து வந்த உங்கள் பெரியம்மா வேறு கணக்குப் போட்டார். "குடிபூரல் அண்டைக்குப் பாலை வீட்டுக்குள்ள பொங்க விட்டிருந்தா இப்பிடி வந்திருக்குமே? இவன்தானே குழப்பினவன்." அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டாள், பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். அக்காவும் அப்படித்தான் நினைக்கிறாளோ என்ற பயம் அன்றைக்கு எனக்குள் ஏறியது.

நீங்கள் மலைப்பக்கம், கூமாவில் வீடு வாங்கிய வருஷம் நினைவிருக்கும். தரை முழுக்கப் பழைய கம்பளம். மகள் தவழப் போகிறாள், இந்தத் தூசியில் விட ஏலாது என்று அக்கா நின்றாள். உங்களுக்கு வேறு முறைப்பாடு. "கதவுப்பிடியைத் தொட்டாச் சுள்ளெண்டு அடிக்குது. இந்த வீட்டில ஆரடாப்பா கரண்ட் பாய்ச்சிறது?" மலைக்காற்று காய்ந்து கிடக்கிறது, கம்பளத்தில் நடக்க நடக்க உடம்பில் மின் ஏறுகிறது என்று விளக்கினேன். "அப்ப லைட் பில் மிச்சம்" என்றீர்கள். ஒரு டாக்டர் சொல்லுகிற பேச்சா அது?

வைனல் விரிப்பு குளிரில் விறைத்து வெடிக்கும், வேண்டாம் என்றேன். ஓடு பதித்தால் பிள்ளையின் முழங்கால் உறைந்துபோகும். பலகைதான் சரி. சிட்னியில் வாங்கி லொறியில் ஏற்றினோம். வந்த அன்றே ஆணி அடிக்க நீங்கள் சுத்தியலோடு நின்றீர்கள். நான் விடவில்லை. அந்தப் பலகைக்குள் இருந்தது கடலோரக் காற்றின் ஈரம். கூமாவில் வெளிக்காற்றிலேயே ஈரம் குறைவு, ஹீட்டர் போட்டால் அதுவும் போய்விடும். அப்படியே அடித்திருந்தால் சுருங்கிப் பிரிந்து, இடைவெளியில் பிள்ளையின் விரல் போயிருக்கும். கூடத்திலேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காற்றாட விட்டோம். வாராவாரம் காரில் வந்து ஒரே துண்டை நிறுத்துப் பார்ப்பேன். நிறை குறைவது நிற்கும் வரை ஆணி இல்லை என்றேன். பஸ்ஸுக்கே பொறுக்க மாட்டாத நான் அதற்குப் பொறுத்தேன்.

"நாங்கள் இந்த நாட்டில வந்திறங்கி அடுத்த கிழமையே வேலைக்குப் போனனாங்கள். இவைக்கு மட்டும் ஊர் பழக லீவோ?" என்று பலகையைக் காலால் தட்டிக் கேட்டீர்கள். அக்கா குசினிக்குள் இருந்து சிரித்தாள்.

அந்தக் காத்திருப்பில் நாள் ஓடிவிட்டது. புது வீட்டில் பால் காய்ச்சும் குடிபூரலுக்கு ஊரிலிருந்து குறித்து அனுப்பிய நல்ல நாளன்று விடியத்தான் கூடத்தின் பின்பாதிக்குக் கடைசி வார்னிஷ் பூச்சு அடித்து முடித்தேன். முன்பாதி ஓரளவு காய்ந்திருந்தது. உங்களுக்கு முகத்துக்கு நேரேதான் சொன்னேன்.

"ஜன்னல் ஒண்டையும் பூட்டாதேங்கோ. உள்ள நெருப்புக் கூடாது. வெளியில வைச்சுக் காய்ச்சுங்கோ."

"வெளியில பொங்கினா அது முற்றத்துக்குக் குடிபூரலடா."

"அத்தான், நான் பகிடி விடேல்ல."

"சரி சரி, எஞ்சினியர் ஐயா. போயிட்டு வாரும்."

வாடகைக்கு எடுத்த இழைப்பு மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்து காரை நிற்பாட்டினேன். வாசலில் செருப்பும் சப்பாத்தும் வரிசையாகக் கிடந்தன. ஜன்னல்கள் முழுதும் பூட்டியிருந்தன. அன்றைக்கு மலையிலிருந்து நல்ல காற்று. குத்துவிளக்கு அணைந்துவிடும் என்று பூட்டியிருக்கிறீர்கள். இதை வேறு ஆர் செய்வார், அத்தான்? வெள்ளைக்காரனுக்கு அந்தக் காற்றில் விளக்குக் கொளுத்துகிற தேவையே வராது.

கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன். கூடத்து நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு, மேலே பால் பானை. முன்னால் நீங்கள் வேட்டியோடு குந்தியிருந்தீர்கள், கையில் நெருப்புப்பெட்டி. வார்னிஷ் ஆவி காற்றைவிடப் பாரம். எழும்பிப் போகாது, தரையோடு படுத்துக் கிடக்கும். அடுப்பும் தரையில். நீங்களும் தரையில். கண்ணாடியில் தட்டினேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, பொறு என்று கையைக் காட்டிவிட்டுக் குச்சியை எடுத்தீர்கள்.

சப்பாத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கனவில் வருமே, அந்த மாதிரி. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினீர்கள். அதற்குப் பிறகுதான் ஏச்சு. "சாமிப் படத்துக்கு முன்னால சப்பாத்தோட வாறியே, மூதேவி!" பெரியம்மாவும் சேர்ந்து ஏசினார். நான் ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனேன். பின்பாதி முழுக்க என் சப்பாத்து அடையாளம்.

பிறகு அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோனோம். காற்றில் பற்றவைக்க முடியாமல் நேரம் போய்விட்டது. பால் பொங்கும்போது நல்ல நேரம் தாண்டியிருந்தது. பெரியம்மா வானத்தைப் பார்த்தார். நீங்கள் பகிடி விடாமல் நின்ற ஒரே தரம் அதுதான். உங்கள் முகத்திலும் பயம் இருந்தது. என்னுடைய பயம் வேறு, உங்களுடையது வேறு என்று அப்போது நினைத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் நீங்கள் போனபிறகு அப்படிப் பிரித்து வைக்க முடியவில்லை. பால் பொங்கிய நேரத்துக்கும் டயருக்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

நேற்று அந்தப் பயத்தோடேயே அக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுத்த எடுப்பில் கேட்டேன். "அண்டைக்கு நான் குழப்பினதாலதான் அத்தான் போனவர் எண்டு நீயும் நினைக்கிறியோ?"

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீரை நிற்பாட்டுகிற சத்தம் கேட்டது.

"விசரா, நானும் பிள்ளையோட அந்தக் கூடத்துக்குள்ளதானே நிண்டனான்" என்றாள்.

பிறகு இன்னொன்று சொன்னாள். அன்று பின்னேரம் நீங்கள் அவளிடம் சொன்னீர்களாம்: "அவன்ர ஆவிக் கதை எனக்கு விளங்கேல்ல. ஆனா அவன் பயந்து நான் இதுக்கு முன்னம் கண்டதில்லை. அதான் குச்சியை வைச்சிட்டன்."

இதை எனக்கு ஏன் சொல்லவில்லை, அத்தான்? எத்தனை விஷயத்தில் உங்களோடு வாதாடினேன், எத்தனை விளக்கம் தந்தேன்! ஒன்றுக்கும் அசையாத ஆள், ஒரு முகத்தைப் பார்த்துக் கையிலிருந்ததை வைத்துவிட்டீர்கள். இனி என் பயத்தை அப்படி நம்புவதற்கு ஆள் இல்லை. அந்தப் பயம் மட்டும் இருக்கிறது.

அக்கா இன்னும் அந்த வளைவால்தான் கார் ஓட்டுகிறாள். அடுத்த மாதம் ஐஸ் படியத் தொடங்கும். சிட்னிக்கு வந்துவிடு என்று நேற்றும் சொன்னேன். "உனக்கு இப்ப எல்லாத்துக்கும் பயம்" என்று சிரித்தாள். போனில் முகம் தெரியாது.

சனிக்கிழமை நேரே போய் அவள் முன்னால் நிற்கப் போகிறேன்.