இரண்டு பூசைக் கருத்துகள்

சேசு மரி சூசை துணை

அரிசிப்பாளையம்,
சேலம்.

அன்பு மகள் அக்சிலியாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி நீங்கலாக ஆண்டவர் எங்களை நன்றாகவே வைத்திருக்கிறார், டொரண்டோ குளிரில் உன்னையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வராத விஷயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் பேங்கில் இன்னும் ஐந்து வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போன வாரம் சொன்னாய். நீ வேலை செய்கிற அந்த கோபோல் கம்ப்யூட்டர் மொழி என்னைவிட மூத்தது, என்றைக்கு ஓரங்கட்டுவார்களோ என்று எனக்கு எப்போதும் பயம். கல்லூரியில் கம்ப்யூட்டர் நடத்துகிற நம் ஹெலன் அத்தை மகன் ஆரோனைக் கேட்டேன். அது சாகாதுங்க மாமா, பேங்க் கணக்கெல்லாம் அதுலதான் ஓடுது, தெரிஞ்சவங்க கொறையக் கொறைய நம்ம அக்சிலியாவுக்குத்தான் கிராக்கி என்றான். அந்தச் சந்தோஷத்தில்தான் உன்னிடம் கையெழுத்தைப் போட்டுரு சாமி என்று சொல்லிவிட்டு, கோயிலில் ஞாயிறு பூசையில் வாசித்து வேண்டிக்கொள்ளக் கருத்தும் எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லாமல் ஒன்று கொடுத்திருக்கிறாள்.

பூசையில் சாமியார் வாசிக்கிறார். தோமினிக் கொடுத்தது, மகள் அக்சிலியா வெளிநாட்டு வேலையில் நிலைத்திருக்க. அடுத்தது, சகாயம்மாள் கொடுத்தது, மகள் அக்சிலியா வேலையை விட்டுச் சீக்கிரம் வீடு திரும்ப. சாமியாரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். பின்பெஞ்சில் சிரிப்பு. எனக்கு மானமே போயிற்று, வெளியே வந்ததும் சத்தம் போட்டேன். அம்மா கோபப்படவில்லை. ஏனுங்க, பொண்ணு ஊட்டுக்கு வரட்டும்னு கேட்டது தப்புங்களா, அந்த மொழி இன்னும் அம்பது வருசம் நல்லா இருக்கட்டும், நமக்கு அம்பது வருசம் இருக்குதுங்களா என்றாள்.

கண்ணு, நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீ போன ஏழு வருடமும் அப்படித்தான் இருந்தது, ஆம்பிளை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெங்களூரிலும் அந்த மொழிக்கு வேலை உண்டாம், சம்பளம்தான் குறைவு என்று ஆரோன் சொல்கிறான். குறைந்தால் குறையட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் வாழப்போவது நீ, முடிவும் உன்னுடையதுதான்.

தைராய்டு மாத்திரையை விட்டுவிடாதே. தபாலில் போட்டால் நாள் கடந்துவிடும், ஆரோன் இதைப் படம் பிடித்து அனுப்புவான். ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே இருக்கட்டும். அங்கேயே இருக்க உனக்கு ஆசை என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடு சாமி. அப்பா போடச் சொன்னார் என்பதற்காக மட்டும் போடாதே.

உன் அப்பா
மு. தோமினிக்