சர்வே எண் 417-க்கு ஆட்சேபணை

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

டோனர் தீர்ந்துபோகிற நேரமாகப் பார்த்துத்தான் ஊரே ஜெராக்ஸ் எடுக்க வரும். இன்று மனுநாள் வேறு. தாலுகா ஆபீஸுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது, ஒரு திங்கட்கிழமையாவது நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை.

வெங்கடரமணன் முதலாளியின் நாற்பது மனுவும் ஒருவழியாக முடிந்தது. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வியாபாரிகளுக்கெல்லாம் அவர்தான் பேச்சு. ஊருக்குப் புது வளர்ச்சித் திட்டம் போடுகிறார்கள். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே சாலை என்று வரைபடம் தயார். மக்கள் கருத்துச் சொல்ல அக்டோபர் பத்து வரை நேரம். எங்கள் ஊர்க் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து டூரிஸ்ட் பஸ்கள் கடைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, அதனால் சர்வே எண் 417-இல் பஸ் நிறுத்தம் வருவதை வரவேற்கிறோம் — விஷயம் இவ்வளவுதான். அதை நாற்பது கடைக்காரர் பேரில் நாற்பது விதமாக அடிக்கச் சொன்னார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக் கூடாதும்மா, பாத்துக்க." வசதியானவர்களின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். நானே காரணம் யோசித்தும் கொடுத்தேன். ஸ்கூல் விடும் நேரத்து நெரிசல், ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வது, பெண்களுக்குக் கழிப்பறை. என் மூளையை நினைத்து எனக்கே பெருமை.

20 ஆகஸ்ட், புதன்

417 எங்கள் காலனி இடுகாடு. நாற்பது தடவை என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. திட்ட ஆபீஸ் வராந்தாவில் வரைபடம் மாட்டியிருந்தார்கள், கார்பன் பேப்பர் வாங்கப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரை, புளியந்தோப்பு, அதற்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டம். "சுற்றுலா வாகன நிறுத்தம், ச.எண் 417. தற்போதைய நிலை: காலி நிலம்."

எங்களில் யாருக்கு அந்த இடம் நம்பரால் தெரியும்? ஏரிக்கரை என்றால் தெரியும்.

காலியாம். மே மாதம் ஏதோ ஒரு கம்பெனி ட்ரோன் விட்டுப் படம் எடுத்ததாம். மேலே இருந்து பார்த்தால் எங்கள் ஆட்கள் தெரியவில்லை போலிருக்கிறது. நாங்கள் கல் வைப்பதில்லை. மண்மேடு இரண்டு மழைக்குப் படிந்து போகும். யார் எங்கே என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்று இருந்துவிட்டோம். கீழே இறங்கி, ஆடு மேய்க்கிற ஒருத்தரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதற்குக்கூடவா நேரமில்லை?

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப என்ன எங்கடி வெப்ப?"

நைனா போய்ப் பதினோரு வருஷம். அவர் பக்கத்தில் இடப்புறம் தனக்கு என்று அன்றைக்கே சொல்லி வைத்தவள் என் அம்மா பவுனம்மாள். வயசு எழுபத்து நாலு, சர்க்கரை, மூச்சு வாங்குகிறது. இவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலனியில் கூட்டம். கன்னியப்பன் மாமா பேசினார். இரண்டு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். தண்ணி டேங்க், தெரு விளக்கு, பஸ் எதுவானாலும் அவர் முன்னால் நின்று வாங்கிக் கொடுத்ததுதான். "ஆளுக்கு ஒண்ணு பேசுனா அவனுக்குத்தான் கொண்டாட்டம். ஒரே மனு. ஒரே வார்த்த. ஊரே கையெழுத்துப் போடுவோம்." எங்கள் வழக்கமே அதுதான். தனியாக மனுக் கொடுப்பவனைத் தன் காரியம் பார்ப்பவன் என்பார்கள்.

நான் எழுதினேன். நல்ல மனு. கோபமும் இருந்தது, சட்டமும் இருந்தது. வீட்டுக்கு ஒன்றாக 214 ஜெராக்ஸ்.

2 செப்டம்பர், செவ்வாய்

கொடுத்தாயிற்று. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் நாங்கள். ஆபீஸில் மேசை நிறையக் காகிதம். வெளியே வந்ததும் எல்லோருக்கும் டீ. ஜெயித்தது போலவே இருந்தது.

6 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை லீவெல்லாம் முடிந்து ஆபீஸ் திறந்ததும் நிலவரம் கேட்கப் போனேன். ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார் கிளார்க். 417-க்கு ஆதரவு நாற்பது. ஆட்சேபணை ஒன்று.

ஒண்ணா? 214 கொடுத்தோமே சார்?

"ஒரே வாசகம்மா. ஒரே வாசகத்துல எத்தன வந்தாலும் ஒரு மனுதான். நோட்டீஸ்லயே போட்டிருக்குதே, படிக்கலியா?"

போட்டிருக்கிறது. கடைசி வரியில், எறும்பு மாதிரி எழுத்தில். நோட்டீஸ் படித்துச் சொல்வதே என் பிழைப்பு. ஊரான் மனுவுக்கெல்லாம் நுணுக்கி நுணுக்கிப் படிப்பவள், என் ஊர் விஷயத்தில் கோபத்தில் பாதி படித்துவிட்டு டைப் அடிக்க உட்கார்ந்தேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன். உங்களுக்கு இந்த ரூல் தெரியும்தானே முதலாளி? தெரிஞ்சுதானே நாப்பது விதமா அடிக்கச் சொன்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?

துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "நீ கேக்கலியேம்மா." அப்புறம், "எனக்கு அது உங்க இடம்னே தெரியாது. காலின்னுதான் போட்டிருந்தான்" என்றார். பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இன்னும் எரிகிறது. நாற்பது வருஷமாக இந்த பஜார் வழியாகத்தானே பாடை போகிறது, மேளத்தோடு? அது எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லையா?

இன்னும் நாலு நாள்.

7 அக்டோபர், செவ்வாய்

மாமா சண்டை பிடித்தார். "தனித்தனியா எழுதச் சொல்றியா? ஒத்துமைய ஒடைக்கிறதுக்கு நீ ஒருத்தி போதும்." ஒரே குரலை அவங்க ஒரு ஆளுன்னு எண்ணிட்டாங்க மாமா என்றேன். "எண்ணத் தெரியாதவனுக்கு நாம ஏன் மாறணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கேள்வி சரியாகத்தான் இருந்தது.

8 அக்டோபர், புதன்

கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போகிறேன். "இன்னா எழுதறது?" என்று எல்லாரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள். உங்க ஆளு யாரு அங்க இருக்காங்க, அத எழுதுங்க என்றேன். அவ்வளவுதான், பேனா நிற்கவில்லை.

பாம்பு கடித்த அண்ணன். பிரசவத்தில் போன அக்கா, பக்கத்திலேயே குழந்தை. கொரோனாவில் பிளாஸ்டிக்கில் சுற்றி வந்து முகம் பார்க்க முடியாமல் போன அப்பா. பக்கத்து வீட்டு ஆண்டாள் அக்கா தன் மாமியாரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள், பாதி திட்டு. "உயிரோட இருக்கும்போது ஆகல. அதுக்காக பஸ் ஏத்த உட்ருவனா?"

இந்த மனிதர்கள் ஏன் தங்கள் சாவையெல்லாம் திறந்து காட்ட வேண்டும்? பஜார்க்காரர்கள் நெரிசல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதுமாக இருந்தது.

10 அக்டோபர், வெள்ளி

ஐந்தரைக்குக் கொடுத்தோம். 187. மீதிப்பேர் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், ஆளைப் பிடிக்க முடியவில்லை. மாமா கடைசியாக வந்தார். அவருடைய தாளில் ஒரே வரி: "ஊர் சொன்னதே என் கருத்து."

25 நவம்பர், செவ்வாய்

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். முன்வரிசை நாற்காலிகள் நாங்கள் போவதற்கு முன்பே நிரம்பியிருந்தன. வெங்கடரமணன் மரியாதையாகத்தான் பேசினார். யாருக்கும் விரோதமில்லை, ஊர் வளரணும் என்றார்.

எங்கள் முறை வந்தது. கூட்டம் நடத்திய அதிகாரி அம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: "மனுவெல்லாம் படிச்சோம். ஆனா அடையாளம் எதுவுமே இல்லையே? கல்லறை, சமாதி, காம்பவுண்டு? எந்த இடத்துல யாருன்னு எத வெச்சு நம்பறது?"

அம்மா எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. "ஒங்க வூட்ல யார் எங்க படுப்பாங்கன்னு எழுதியா ஒட்டி வெச்சிக்கிறீங்க?" என்றாள். பின்னால் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொள்ளவுமில்லை.

3 பிப்ரவரி 2026, செவ்வாய்

இறுதி வரைபடம் வந்துவிட்டது. பாதிப் பாதி. கிழக்குப் பாதி இடுகாடு. மேற்குப் பாதி பஸ். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள்.

"பாதி கெடச்சிருக்குதேம்மா, சந்தோசப்படு" என்கிறார் வெங்கடரமணன். ஜவுளிக்கடையில் ஒரு புடவையை எடுத்துப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவாரா?

காலடி வைத்து அளந்து பார்த்தேன். நைனா மேற்கே, கோட்டிலிருந்து எட்டடி தள்ளி.

6 பிப்ரவரி, வெள்ளி

இன்று கஞ்சி குடிக்கும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"என்ன எரிச்சிடு."

எங்கள் வீட்டில் யாரையும் எரித்ததில்லை. நெருப்பென்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம், கேஸ் அடுப்பை இன்றுவரை நான்தான் பற்ற வைக்கிறேன். ஏம்மா இப்டிப் பேசற என்றேன். "அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல பஸ்ஸா? வேணாம். சாம்பலாக்கி ஏரில கரச்சிடு. யாரும் வந்து அளக்க மாட்டான்."

வெளியே போய் அழுதேன். ஒரு ஸ்கேல் கோடு, ஒரு கிழவியை நெருப்புக்குச் சம்மதிக்க வைத்துவிட்டது. இதை எந்த ஃபாரத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

12 பிப்ரவரி, வியாழன்

காலை பத்து மணி இருக்கும், ஆண்டாள் அக்கா மூச்சிரைக்கக் கடைக்கு வந்தாள். "ஒங்கம்மா ஏரிக்கரையில குந்திக்கினு இருக்குது. அளக்கறவங்க வந்துட்டாங்க. எந்திரிக்க மாட்டேன்னுது."

இரண்டு பேரும் போய்ப் பார்த்தால், நைனா பக்கத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். எரிக்கப்போகிற விஷயத்தை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று வந்தாளாம். வந்த இடத்தில் சர்வேயர் சிவசங்கர் டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் முளைக்குச்சிக் கட்டுமாக நின்றிருக்கிறார். ஐம்பது வயசிருக்கும், தன்மையான ஆள்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"எங்க தள்றது? இந்தப் பக்கம் என் ஊட்டுக்காரரு. அந்தப் பக்கம் இவ மாமியா. நீயே சொல்லு, யார் மேல குந்தட்டும்?"

ஆண்டாள் அக்கா நடந்துபோய், மாமியார் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். தலைப்பக்கம் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனதைக் கவனித்தேன். பிறகு பாம்பு கடித்தவரின் தம்பி வந்தார். அப்புறம் மீனம்பாள், பிரசவத்தில் போன அக்காவுக்கும் குழந்தைக்கும் நடுவில். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்தவர்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள், பிறகு வழி கேட்காமல் தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள்.

கன்னியப்பன் மாமா வந்தபோது, எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிக் கோஷம் போடச் சொல்வார் என்று நினைத்தேன். சுற்றிலும் பார்த்தார். துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு, மேற்கு மூலைக்குத் தனியாகப் போய் உட்கார்ந்தார். அங்கே யார் என்று அம்மாவிடம் கேட்டேன். "மூத்த பொண்ணு. ஒம்போது வயசு." அவருக்கு அப்படி ஒரு மகள் இருந்ததே இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதியத்துக்குள் நூறு பேருக்கு மேல் இருக்கும். கூட்டமாக அல்ல, அங்கங்கே. இங்கே ஒருவர், நாலடி தள்ளி இரண்டு பேர், தோப்போரம் ஒரு கிழவர். கோடு போட்ட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோல் நிரம்பியிருந்தது. சிவசங்கர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். ஒரு காலை எடுத்து வைக்கப் போய், யார் இருக்கிறார்களோ என்று யோசித்து அப்படியே நிறுத்திக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"சார்... இல்ல சார். பிரச்சின ஒண்ணும் பண்ணல. சும்மாதான் உக்காந்திருக்காங்க. ஆனா இங்க இடம் காலியா இல்ல சார்."

நான் ஓடினேன். அத எழுத்துல குடுங்க சார் என்றேன். என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார்: "ச.எண் 417-இல் இடம் காலியாக இல்லாததால் அளவீடு செய்ய இயலவில்லை." கையெழுத்து போட்டு, தேதியும் போட்டார்.

அதை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். நாளைக்கு வேறு ஆளை அனுப்பலாம், போலீஸோடுகூட வரலாம். ஜீப் போன பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எரிக்கற பேச்ச அவருகிட்ட சொல்லல" என்றாள் அம்மா.